தசம இடம்: பூச்சியம்

காலண்டர் செயலி எதுவும் எனக்குப் பிடிக்காது,
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ராகுகாலம் சரியாகக் காட்டுவது
நடுவில் நகைக்கடையையும் காட்டுகிறது.
விளம்பரமில்லாதது
பங்குனியை ஒரு நாள் தள்ளிப் போடுகிறது.

குறிப்பெழுத வைத்திருப்பது
மூன்று எம்பிகூட வராத ஒரு வெள்ளைப் பக்கம்.
தொட்டால் திறக்கும். பெயர் கேட்காது.
ஐந்து நட்சத்திரத்துக்குக் கையேந்தாது.
கையேந்துவதை அன்றைக்கே அழித்துவிடுவேன்.

இருட்டுத் திரைதான் கண்ணுக்கு நல்லது என்பவர்கள்
பள்ளத்தூருக்கு வரட்டும்.
பதினோரு மணிக்கு வளவில் உட்கார்ந்தால்
இருட்டுத் திரை வெறும் கண்ணாடி,
நிரல் தெரியாது, என் மூக்குதான் தெரியும்.

தமிழ்99 தவிர வேறு விசைப்பலகை தொடமாட்டேன்.
ஆத்தா என்று எழுத
ஏ-யையும் டி-யையும் போய்க் கூப்பிட்டு வருகிறவர்களோடு
பதினான்கு வருசமாகச் சண்டை, முடியவில்லை.

கோயில் புள்ளிக் கணக்கைக் கணினியில் ஏற்றக் கேட்டார்கள்.
காரியக்காரர் தந்த பென் டிரைவில்
ஏதோ பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்.
திறந்தால்
ஊரே கமாவும் அடைப்புக்குறியுமாக நிற்கிறது.
அறுபது வரியில் ஒரு நிரல் எழுதினேன்.
முதல் ஓட்டத்தில் நின்றது:
நாற்பத்தோராம் வரி, அரைப்புள்ளி இல்லை.
போட்டேன், ஓடியது.
நிரலில் அரைப்புள்ளி எதற்கும் பாதி இல்லை,
ஒரு வரி முழுசாக முடிந்ததற்கு அடையாளம்.

அடுத்த தொல்லை பெயர்.
முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டவன்
மு.கரு.வெ.அரு.சித. என்று
நாலு தலைமுறையை முன்னால் நடக்கவிட்டுப்
பின்னால் வருகிற ஆளைப் பார்த்திருக்க மாட்டான்.
பத்து எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது
காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்.
ஆகவே விரிதாள்.
இழுத்தால் இழுத்த மட்டும் விரியும் கட்டம்.
உலகத்திலேயே நல்ல மென்பொருள் எதுவென்றால்
விரிதாள்தான் என்பேன்.
மறுப்பவர்கள் மடிக்கணினியோடு வரலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போய் ஒருவர் இருந்தால் அரைப்புள்ளி.
விதி என்னுடையது அல்ல.

இருநூற்றெழுபதாம் வரி எங்கள் வீடு.
தை மாசம் அப்பச்சி போனார்.
அங்கே இருந்த ஒன்றை அழித்து
0.5 என்று நானே தட்டவேண்டியிருந்தது.

ஆத்தா பக்கத்தில்தான் இருந்தாள்,
போனில் மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து
வெடிக்க வைத்துக்கொண்டு,
முந்நூற்றுப் பதினெட்டாம் கட்டம்.
நட்சத்திரம் கேட்கும், காசு கேட்கும்,
நடுச்சாமத்தில் மணியடிக்கும் செயலி.
அவளுக்காக மட்டும் என் போனிலும் கிடக்கிறது.
"உயிர் தீந்துபோச்சு சிகப்பி,
ஒண்ணு அனுப்பு."
அனுப்பினேன்.

பிறகு அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து
தசம இடம் பூச்சியம் என்று வைத்தேன்.

அரையைக் கண்டால் விரிதாள் மேலே தூக்கும்,
அது அதன் பழக்கம்.
அறுபத்து மூன்று பேர்
ஒரே சொடுக்கில் ஒன்று ஆனார்கள்.
உள்ளே அரை அரையாகவேதான் இருக்கிறது,
திரையில் மட்டும்தான் இந்த மரியாதை.
அடியில் கூட்டுத்தொகையை நான் தொடவில்லை.
கணக்கில் பொய் எழுத எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை காரியக்காரர் கூப்பிட்டார்.
"ஒண்ணொண்ணா எண்ணினா நானூத்திப் பன்னெண்டு வருது ஆச்சி.
அடியில முந்நூத்தி எண்பதரை போட்டிருக்கே?"

நிரல் தவறென்றால் எழுதியவர் தவறு,
கருவியைக் குறை சொல்லாதே என்று
எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்.

"சாப்ட்வேர் தப்புங்க," என்றேன்.
"அடுத்த அப்டேட்ல சரியாயிரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
"சரி, இருக்கட்டும்," என்றார்.
அப்டேட் எப்போது என்று கேட்கவில்லை.